ஃப்ளோராவுக்குப் பக்கத்துக் கல்

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து என் மாமியார் ஜூன் என்னிடம் கேட்ட ஒரே உதவி, கோலார் தங்க வயலில் இருக்கும் தன் பாட்டியின் கல்லறையை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னதுதான். அதையும் உதவியாகக் கேட்கவில்லை. "தம்பி பெண் கல்யாணத்துக்கு எப்படியும் உன் ஊருக்குத்தானே போகிறாய், எஸ்தர்" என்றார். என் ஊர் பாளையங்கோட்டை. அங்கிருந்து தங்க வயலுக்குப் போவதென்றால் தமிழ்நாடு முழுக்கக் கடந்து கர்நாடகத்துக்குள் நுழைய வேண்டும் என்று சொன்னேன். "எல்லாம் இந்தியாதானே" என்றார். கோபத்தோடுதான் கிளம்பினேன். இந்தப் பயணத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் நான் கோபத்தோடுதான் பார்த்திருப்பேன், வாசிப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில். செம்புச் சுரங்கங்களும் வெள்ளீயச் சுரங்கங்களும் இருந்த பூமி. அவை படுத்துப்போனபோது சுரங்க வேலை தெரிந்த ஆண்கள் உலகம் முழுக்கப் போனார்கள். அப்படித் தங்க வயலுக்கு வந்து சுரங்கத்தில் கேப்டனாக, அதாவது ஆட்களை மேய்க்கும் மேலாளராக இருந்தவர் ஜூனின் தாத்தா. அவர் மனைவி ஃப்ளோரா அங்கேயே இறந்துபோக, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கார்ன்வாலுக்குத் திரும்பிவிட்டார். ஃப்ளோரா ஒரு ஸ்பானிய மாலுமியின் மகள் என்பது குடும்பக் கதை. அவளுடைய கறுத்த கூந்தலுக்கும் கறுத்த கண்ணுக்கும் அந்த மாலுமிதான் பொறுப்பு.

ஜூன் வீட்டு முன்னறையில் ஃப்ளோராவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பங்களா வாசலில் எடுத்தது. ஃப்ளோரா நிற்கிறாள், பெரிய பிள்ளைகள் நிற்கிறார்கள். ஓரத்தில் சேலை கட்டிய ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் இருக்கும் கைக்குழந்தைதான் ஜூனின் அம்மா. நான் மருமகளாகப் போன புதிதில் ஜூன் அந்தச் சேலைக்காரியைக் காட்டி, "இது ஐயா" என்றார். எங்கள் ஊரில் ஐயா என்றால் அப்பா, இல்லாவிட்டால் கோயிலில் பிரசங்கம் பண்ணுகிற பாதிரியார். பொம்பளையைக் காட்டி ஐயா என்கிறாரே என்று விழித்தேன். பிறகுதான் புரிந்தது, ஆயாவைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள். "பிள்ளை பார்க்கிற வேலைக்காரி" என்று விளக்கமும் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆயாவும் அதுதான். பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆயா இருந்தார், ஆஸ்பத்திரியில் ஆயா இருந்தார். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் ரூபி பிறந்த அன்று ஜூன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையைத் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. தொட்டிலுக்கு மேலே குனிந்து, துணியை விலக்கி, காது மடலைத் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர்ப் பெண்டுகள் செய்கிற வேலை அது. பிறந்த பிள்ளை சிவப்பாகத்தான் தெரியும், வளர்ந்த பிறகு என்ன நிறம் வரும் என்பதைக் காது மடல் சொல்லிவிடும் என்பார்கள். இது ஒரு கார்ன்வால்காரிக்கு எப்படித் தெரியும்? பார்த்து முடித்து நிமிர்ந்து, "உன்னைக் கொண்டு பிறந்துவிட்டாள். நம் பக்கத்தில் யாருக்கும் இந்த நிறம் கிடையாது" என்றார். ரூபி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை.

இப்போது கல்லறை விஷயம். தங்க வயலில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றைச் சுத்தம் பண்ணுகிறோம், சொந்தக்காரர்கள் யாராவது வந்து சொன்னால் அந்தந்தக் கல்லை வைப்போம், கேட்பாரில்லாத கல்லை எடுத்துவிடுவோம் என்று அங்கே ஒரு கமிட்டி அறிவித்திருந்தது. ஜூன் உடனே எழுதினார். ஃப்ளோராவின் கல்லறையைச் சுற்றிப் பளிங்கில் விளிம்பு கட்ட வேண்டும் என்றார். கட்டலாம், ஆனால் ஒட்டினாற்போல் ஆயாவின் கல் ஒன்று இருக்கிறது, அது இடிக்கிறது என்று பதில் வந்தது. வேலைக்காரியின் கல்தானே, எடுத்துவிடுங்கள் என்று ஜூன் எழுதிவிட்டார். குடும்பத்து ஆள் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டுமாம். அந்தச் சரியைச் சொல்லத்தான் நான் போனேன்.

பெங்களூரிலிருந்து சாயங்கால ரயில். தங்க வயல்காரர்களில் பாதிப் பேர் காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெட்டிக்குள் மூச்சு விட இடமில்லை. கீழே பேப்பர் விரித்து உட்கார்ந்து சீட்டாடினார்கள். நின்றுகொண்டே தூங்கினார்கள். ஒரு பெண் பூ கட்டிக்கொண்டே போனில் தெலுங்கில் யாரையோ விரட்டினாள். அவள் சொன்னதைப் பக்கத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னாள்: "நான் இன்னும் ரயிலில்தான் தொங்குகிறேன். நீ சோற்றையாவது வடித்து வை. வந்து குழம்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கும் நான்தான் வர வேண்டும் என்றால் என்னத்துக்கு உனக்குக் கல்யாணம்?"

இப்படி எனக்குத் தெலுங்கு சொன்னவள் பெயர் ஷீலா. பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். "எங்க எறங்கணும்கா?" என்றாள்.

"சாம்பியன்."

"ஐயையோ, அது இப்ப வர்ற ஸ்டேஷன்தான். இந்தக் கும்பல்ல நீங்க டோருக்குப் போறதுக்குள்ள வண்டி எடுத்துடுவான். கேஜ்னு சுரங்க லிப்ட்டு, அதுல ஷாப்ட்டுக்குள்ள எறங்குறப்ப இப்பிடித்தான் ஆளுங்கள அடைப்பாங்கன்னு எங்க மாமனார் சொல்வாரு. பேசாம எங்ககூட மாரிகுப்பம் வாங்க. லாஸ்ட் ஸ்டேஷன். ஆட்டோ புடிச்சிக் குடுக்கறேன்."

அவள் சொன்னபடியே சாம்பியன் என் கண்ணெதிரே வந்து போனது. மாரிகுப்பத்தில் இறங்கியபோது என் பையின் ஒரு காது அறுந்திருந்தது. ஷீலா ஆட்டோ பிடித்துக் கொடுத்து, போன் நம்பரும் கொடுத்து, "சனிக்கிழமை எனக்கு லீவு. ஆண்டர்சன்பேட்டைலதான் வூடு. சாப்பிட வாங்க" என்றாள். ஒரு மணி நேரம் பழகியவர்களைச் சாப்பிடக் கூப்பிடும் வழக்கமே எனக்கு மறந்து போயிருந்தது. கார்ன்வாலில் என் பக்கத்து வீட்டுக்காரி இத்தனை வருஷத்தில் ஒரு வாய் டீக்குக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலையில் பழைய சுரங்கங்களின் பக்கமாக நடந்தேன். கார்ன்வாலில் சுரங்கம் மூடினால் அதன் மொட்டைப் புகைபோக்கிக் கோபுரத்தை வெள்ளையடித்து, டிக்கெட் போட்டு, கீழே டீக்கடை வைத்து, அதே கோபுரத்தைக் காந்தத்தில் அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்ட விற்கிறார்கள். இங்கே இரும்புச் சாரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் குன்று குன்றாகக் கிடக்கிறது. சயனைடு சேர்த்துப் பிரித்த மண் என்பதால் சைனைட் மேடு என்கிறார்கள். மழை பெய்திருந்ததால் அதன் சாம்பல் நிறச் சேறு வழியெல்லாம் ஓடி என் செருப்பில் அப்பிக்கொண்டது. தங்கத்தைக் கப்பலேற்றிவிட்டுக் கழிவை மட்டும் இந்த ஜனங்களிடம் விட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கப்பலில் போன கூட்டத்தின் பேத்திக்குப் பளிங்கு விளிம்பு கேட்கிறது, அதற்கு ஏற்பாடு பண்ண நான் வந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு பேக்கரியில் ஏறி முட்டை பப்ஸ் இரண்டு தின்றேன். கார்ன்வாலில் பெருமை பேசும், கறி அடைத்த பாஸ்டியைவிட நன்றாக இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

கமிட்டிச் செயலாளர் செல்வராஜ் ஒரு வழக்குக்காகக் கோலார் கோர்ட்டுக்குப் போயிருந்தார். மத்தியானம்தான் வந்தார். தலைக்கு மை, சட்டைப்பையில் இரண்டு பேனா.

"வாங்க மேடம், வாங்க. லண்டன்லருந்து வர்றீங்க."

"லண்டன் இல்ல. கார்ன்வால்."

"எல்லாம் ஒண்ணுதான் மேடம்."

ஜூனுக்கு ஏற்ற ஜோடி என்று நினைத்துக்கொண்டேன். பழைய ஞானஸ்நானப் பதிவு, அடக்கப் பதிவு ஏதாவது இருக்குமா, ஃப்ளோராவைப் பெற்றவர்கள் யார் என்று தெரியுமா என்று கேட்டேன். ஜூனுக்கு அந்த ஸ்பானிய மாலுமியின் பெயர் வேண்டுமாம். "அதெல்லாம் கரையான் துன்னு எவ்ளோ வருசம் ஆச்சு" என்று கையை விரித்தார். மாலுமி பிழைத்தான்.

கல்லறைத் தோட்டத்தில் உண்ணிச்செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது. பாதி இடத்தில் வெட்டியிருந்தார்கள். இது வெள்ளைக்காரர்களின் வரிசை, தமிழ் ஆட்களை அந்தக் காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அடக்கம் பண்ணினார்கள் என்று செல்வராஜ் கைகாட்டினார். இந்த வரிசையின் கடைசியில் ஃப்ளோராவின் கல். அதன் தோளில் சாய்ந்தாற்போல் இன்னொரு சின்னக் கல். நடுவில் என் கையை நுழைக்கத்தான் இடம். இரண்டிலும் ஒரே மாதிரி கொடியும் பூவும் செதுக்கியிருந்தது. சின்னக் கல்லில் பெயர் இல்லை. பெரிய ஆங்கில எழுத்தில் ஏ, ஒய், ஏ, எச். அதன் கீழே, ஃப்ளோராவும் பிள்ளைகளும் வைத்த கல் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

"ஃப்ளோராம்மா அப்பால செத்தவங்க. இந்தப் பொம்பளைக்குப் பக்கத்துலயே வைக்கணும்னு சொல்லிட்டுச் செத்திருப்பாங்க போல. பாருங்க, எவ்ளோ நெருக்கம். அதான் பளிங்குக்கு எடம் இல்ல" என்றார் செல்வராஜ்.

"வேலைக்காரிய வெள்ளைக்காரங்க வரிசைல எப்படி விட்டாங்க?" என்று கேட்டேன்.

"கேப்டன் பொண்டாட்டி கேட்டா இல்லன்னுவாங்களா? பாசமா இருந்திருப்பாங்க. இந்தக் கல்லுக்குக் கேக்க ஆள் இல்ல மேடம். நீங்க சரின்னா திங்கக்கிழமை கொத்தனார் எடுத்துடுவாரு."

எனக்கு மனம் ஒப்பவில்லை. வேலைக்காரியாக இருந்தால் என்ன, எஜமானியே ஆசைப்பட்டு வைத்த கல், ஒரு விளிம்புக்காகப் பிடுங்கி எறிவதா? அப்படியே செல்வராஜிடம் சொன்னேன். "கமிட்டி ரூல் மேடம். சொந்தக்காரங்க வந்து கேக்கணும். நீங்க ஃப்ளோராம்மா ஃபேமிலி. ஆயா ஃபேமிலி கெடையாது" என்றார். அங்கேயே நின்று ஜூனுக்குப் போன் போட்டேன். பாளையங்கோட்டையில் என் தம்பி பெண்ணின் கல்யாணத்தில் போட்ட சத்தத்தைவிட அதிகச் சத்தம் போட்டேன். ஜூன் சத்தமே போடவில்லை. "எஸ்தர், அந்த இடமே அவளுக்கு அதிகம். நீ உன் ஆட்களுக்காகப் பேசுகிறாய், அது எனக்குப் புரிகிறது" என்று வைத்துவிட்டார்.

உன் ஆட்கள்! என் கணவர் மார்க்குக்கும் போன் போட்டேன். "அம்மாவுக்கு வயசாகிவிட்டது, விட்டுவிடு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அம்மாவுக்கு வயசாகிக்கொண்டேதான் இருக்கிறது. கையாலாகாத ஆத்திரத்தோடு லாட்ஜுக்குப் போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை ஆண்டர்சன்பேட்டைக்குப் போகும் வழியில் மறுபடியும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அந்த இரண்டு கல்லையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கடைசிப் படமாக இருக்கட்டும் என்றுதான். செருப்பில் புதிதாக ஒரு படி சேறு ஏறியது. ஷீலாவின் வீடு பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு. இரண்டை இடித்து ஒன்றாக்கி, முன்னால் டைல்ஸ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஷீலாவின் மகள் கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்து, "ஆயா, கெஸ்ட் வந்துட்டாங்க!" என்று கத்திவிட்டு ஓடிப்போனாள்.

ஒரு பெண்மணி துடைப்பத்தோடு வந்தார். நைட்டி, தோளில் துண்டு, கொண்டைக்கு நெட். "வாங்க, உள்ள வாங்க" என்றார். அந்தத் தரையில் சேற்றுக் காலோடு ஏற எனக்குக் கூச்சமாக இருந்தது. செருப்பைக் கழற்றி, மரியாதையாகத்தான், "ஆயா, இதக் கொஞ்சம் கழுவி வச்சிருங்க" என்று அவர் கையில் நீட்டினேன்.

அவர் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா?"

"ரொம்ப சேறு. தண்ணி ஊத்தினா போதும்."

"இன்னாம்மா சொன்ன? ஏன், உன் கையில இன்னா மருதாணி வச்சிக்கினு கீறியா? நான் இன்னா உன் ஊட்டு வேலைக்காரியா? ஷீலா! யாரைம்மா கூட்டிக்கினு வந்துகீற? வந்ததும் வராததுமா செருப்பைக் கையில குடுக்குது!"

ஷீலா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. "இல்ல, பாப்பா ஆயான்னு கூப்பிட்டா, அதான் வேலைக்கு இருக்காங்கன்னு..."

ஷீலா ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அக்கா, இவங்க எங்க வூட்டுக்காரரைப் பெத்தவங்க. கிரேஸம்மா. தையல் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. என் பொண்ணுக்கு ஆயா. உங்க ஊர்ல அப்பாவோட அம்மாவ இன்னான்னு கூப்புடுவீங்க?"

"ஆச்சி."

"இங்க ஆயா. அப்பாவப் பெத்தவங்களும் ஆயா, அம்மாவப் பெத்தவங்களும் ஆயா. வேலூர்லருந்து வந்த ஜனம்கா நாங்க. வேற இன்னான்னு கூப்புடறது?"

செருப்பு இன்னும் என் கையில் இருந்தது. அம்மாவைப் பெற்றவளும் ஆயா. ஃப்ளோராவும் பிள்ளைகளும் வைத்த கல். பிள்ளைகள் கூப்பிட்ட பெயர் அது! நாற்காலி. கடவுளே, அந்த நாற்காலி! கேப்டன் பெண்டாட்டி நிற்க, எந்த வேலைக்காரி நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வாள்? மகள்தான் நிற்பாள், அம்மா உட்கார. இத்தனை வருஷமாக அந்தப் படத்தைத் துடைத்து மாட்டியவள் நான். ஸ்பானிய மாலுமியாவது, மண்ணாங்கட்டியாவது. ஃப்ளோராவைப் பெற்றவளுக்கு ஆயா என்று உறவு முறை இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினதும் அதை வேலையாக்கிவிட்டார்கள்.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கிரேஸம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டார். என் மேலிருந்த கோபம் அப்படியே கார்ன்வால் பக்கம் திரும்பியது. "பெத்தவளை வேலைக்காரின்னு சொல்லிக்கினு சுத்துனாங்களா? நல்லா இருப்பாங்களா அவங்க?" என்றார். தட்டில் ராகிக் களியும் மாட்டுக்கறிக் குழம்பும் வைத்தார்கள். எங்கள் ஊரில் களி என்றால் உளுந்தங்களி, கருப்பட்டி போட்டு இனிக்கும். இதைக் கடிக்கக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று ஷீலாவின் மகள் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு உருண்டை விழுங்கியிருப்பேன், செல்வராஜிடமிருந்து போன் வந்தது. "மேடம், கொத்தனாருக்கு திங்கக்கிழமை வேற வேலை. இன்னிக்கே வந்துட்டாரு. கல்லை எடுத்துக்கினு கீறாரு. ஒரு இன்பர்மேஷனுக்கு சொன்னேன்."

"நான் சரின்னே சொல்லலையே!" என்று கத்தினேன்.

"உங்க மாமியாரம்மா மெயில் போட்டுட்டாங்க மேடம், நீங்க பார்த்தாச்சுன்னு."

கை கழுவக் கூட நிற்கவில்லை. ஷீலா, கிரேஸம்மா, நான் மூன்று பேரும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். கிரேஸம்மா நைட்டி மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். "நீ இன்னா புள்ளத்தாச்சிய ஏத்திக்கினு போறியா? ஓட்டுப்பா!" என்று கிரேஸம்மா அதட்டினார்.

போய்ச் சேர்ந்தபோது ஆயாவின் கல் மண்ணிலிருந்து பெயர்ந்து மல்லாந்து கிடந்தது. கொத்தனார் அதன் மேல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "எடுங்க அத! யாரக் கேட்டுப் புடுங்கினீங்க?" என்று கத்தினேன்.

செல்வராஜ் பதறி வந்தார். "மேடம், ரூல் சொன்னேனே. சொந்தக்காரங்க கேக்கணும். நீங்க யாரு இவங்களுக்கு?"

"என் மகளோட அப்பாவோட அம்மாவோட அம்மாவோட..." எனக்கு எண்ணிக்கை குழம்பிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கொத்தனார் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிரேஸம்மா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார். "செல்வராஜு, உன்னைப் பெத்தவளோட அம்மாவை நீ இன்னான்னு கூப்ட்ட?"

"ஆயான்னு."

"கல்லுல இன்னா எழுதிக்கீது?"

செல்வராஜ் குனிந்து கல்லைப் பார்த்தார். ஏ, ஒய் என்று வாய்க்குள் முணுமுணுத்தார். வீட்டில் வாய் ஓயாமல் சொல்லி வளர்ந்த சொல்தான், ஆங்கில எழுத்தில் பார்த்ததும் ஆங்கில அர்த்தத்தில் படித்திருக்கிறார். அவர் மட்டுமா, இந்த வழியாகப் போன எல்லாருமே அப்படித்தான் படித்திருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொண்டார். "அட கர்த்தரே. புள்ளைங்க வச்ச கல்லுன்னு அடியிலயே போட்டுக்கீது. அதான் வெள்ளக்காரன் லைன்ல வுட்டானுங்க. எங்க ஆயா மேல சட்டையைப் போட்டா மாதிரி இல்ல இருக்குது." கொத்தனாரின் சட்டையை அவரே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கல் இருந்த குழியிலேயே மறுபடி நிறுத்தி, கலவை போட்டு அடைத்தார்கள். பளிங்கு விளிம்பு வைத்தால் இரண்டையும் சேர்த்து வை, இல்லாவிட்டால் வைக்காதே என்று சொல்லிவிட்டேன். இந்த அம்மாவின் பெயர் என்னவாக இருக்கும் என்று கிரேஸம்மாவிடம் கேட்டேன். "ஆயாவை யாரு பேரு சொல்லிக் கூப்புடுவாங்க? தெரிஞ்சவங்க எல்லாம் செத்திருப்பாங்க" என்றார். அது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால் இந்த ஏமாற்று இத்தனை காலம் ஓடியிருக்காது. கொத்தனார் உளியை எடுத்துக்கொண்டு, "பழசு மேல புதுசா ஏதாவது போடணுமாம்மா?" என்றார்.

"இங்கிலீஷுக்குக் கீழ தமிழ்ல போடுங்க. ஆயா."

"அவ்ளோதானா?"

"இந்த ஊர்ல அது போதும்."

முதல் எழுத்தின் சுழியைப் போடவே வெகுநேரம் பிடித்தது. முடிந்ததும் படம் எடுத்து, எங்கள் கார்ன்வால் குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கீழே ஒரே வரி: ஃப்ளோராவும் அவளைப் பெற்ற அம்மாவும். இந்த ஊர்த் தமிழில் ஆயா என்றால் பாட்டி. ஒரு கொழுந்தனார் கட்டை விரலைத் தூக்கினார். விஷயம் புரிந்துதான் தூக்கினாரா தெரியாது. ரூபி எழுதினாள்: "அப்போ பாட்டி என் காதில் தேடியது இவளைத்தானா?"

நான் எத்தனையோ தடவை ரூபியிடம் அந்தக் காதுக் கதையைச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆட்டோவில் ஏறும்போது ஜூன் கூப்பிட்டார். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"எஸ்தர், அந்தப் படத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்."

"ஆமாம்."

"ஃப்ளோரா நிற்கிறாள். சின்ன வயசில் நான் அம்மாவிடம் கேட்டேன், ஏன் அப்படி என்று. கேட்கக் கூடாது என்றாள்."

"ரூபி பிறந்தபோது காதைத் திருப்பிப் பார்த்தீர்களே. அதை யார் சொல்லிக் கொடுத்தது?"

"அம்மாதான். எங்கள் வீட்டில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பாள்."

"எதற்கென்று உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஃப்ளோராவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து ஜூனுக்கு, ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து இந்த ஆயா வந்துவிட்டாளா, வந்துவிட்டாளா என்று பயந்து பார்த்திருக்கிறார்கள். கடைசியில் என் மகளின் காதில் அவளைக் கண்டதும், பழியைத் தூக்கி என் தலையில் போட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு சுமந்தேன். என்னைக் கொண்டு பிறந்தாளாம்!

"மற்றவர்களுக்கு இப்போது சொல்ல வேண்டாம்" என்றார் ஜூன்.

"குரூப்பில் போட்டாயிற்று."

"பார்த்தேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரா, அழட்டும் என்று விட்டேன். கிரேஸம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜூன், எண்பது தாண்டிய அந்தக் குரலில், "ஐயா" என்றார்.

"ஐயா இல்லை" என்றேன். "ஆயா. வாயை நன்றாகத் திறந்து சொல்லுங்கள். ஆ."